மூன்று கட்டைக் காரில் ஆறு கட்டை

வேலையில்லாத இன்ஜினியருக்கு லீவே கிடையாது. இதை நான் இருபத்திரண்டாவது வயதில் கண்டுபிடித்தேன். எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்து வீட்டில் உட்கார்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் தக்கலைக்குப் பக்கத்தில். அங்கே யார் வீட்டு மிக்சி சுற்றாவிட்டாலும் எனக்குத்தான் ஆள் வரும். டிவியில் படம் ஆடினாலும் நான்தான். இன்வெர்ட்டர் கத்தினாலும் நான்தான். போவேன். ஸ்குருவைக் கழற்றுவேன். உள்ளே இருப்பதைக் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்துவிட்டுத் திரும்ப மூடுவேன். கட்டன் சாயாவும் நேந்திரங்காய் வறுத்ததும் தந்து, இவ்வளவு படித்தும் இது தெரியாதா என்று அன்போடு கேட்டு அனுப்பிவைப்பார்கள். (நாங்கள் படித்த பாடத்தில் மிக்சி வரவே இல்லை என்று சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. ஃபீஸ் கட்டிய அப்பாவே நம்பவில்லை.)

அப்பா தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வருஷம் எங்கள் ஊர் சர்ச்சில் சபைச் செயலராக இருந்தார். ஆலயத்தைப் புதுப்பிக்கும் வேலை அவர் தலையில் இருந்தது. ஓடு மாற்றி, சுண்ணாம்பு சுரண்டி, பெயின்ட் அடித்து, கடைசியில் தரை முழுக்கக் கண்ணாடி மாதிரி டைல்ஸ் போட்டார்கள். வளைகுடாவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து வாங்கித் தந்த டைல்ஸ். அப்பா அதன்மேல் நடக்கும்போது குதிகாலைத் தரையில் வைக்கமாட்டார்.

பிரதிஷ்டை ஞாயிற்றுக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமைதான் அந்த விஷயம் தெரியவந்தது. பாடகர் குழு உட்காரும் மூலையில்தான் மைக் செட் இருக்கும். அங்கிருந்து பீடத்துக்கு வயர் போவதற்காகத் தரைக்கு அடியில் கொத்தனார் ஒரு குழாய் பதித்திருந்தார். நல்ல அகலமான குழாய். ஒரு தேங்காயை உருட்டிவிடலாம். ஆனால் வயரை இழுப்பதற்கு உள்ளே ஒரு கயிற்றைப் போட்டுவைக்க மறந்துவிட்டார். மேலே டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. கொத்தனார் கேரளாவில் வேறு வேலைக்குப் போயாகிவிட்டது.

எலக்ட்ரீஷியன் செல்வதாஸ் அண்ணன் தன் வயர் இழுக்கும் ஸ்பிரிங்கை உள்ளே விட்டுப் பார்த்தார். ஒரு தூணின் அஸ்திவாரத்தைச் சுற்றிப்போக அந்தக் குழாய்க்கு நடுவில் இரண்டு வளைவுகள். முதல் வளைவிலேயே ஸ்பிரிங் சுருண்டு படுத்துக்கொண்டது. மூன்று மணி நேரம் பாடுபட்டுவிட்டு, நாலு டைல்ஸை உடைத்தால்தான் வழி என்று கமிட்டியில் சொல்லிவிட்டார். அதற்கு அப்பா எழுந்து நின்று சொன்ன பதிலை அன்றைக்கு ராத்திரி அம்மா எனக்குச் சொன்னாள்.

"ஒரு டைல்ஸையும் ஒடைக்கண்டாம். எனக்க மவ பாத்துக்கிடுவா."

அவருடைய மகள் அந்த நேரத்தில் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுகொண்டிருந்தாள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு அப்பாமேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எட்டு மாதத்தில் முதல்முறையாக ஒருவர் பத்துப் பேர் நடுவில் என்னை நம்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் படுக்கையில் புரண்டு யோசித்தபோதுதான் கார் ஞாபகம் வந்தது.

அது ரிமோட்டில் ஓடும் சின்னக் கார். என் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்தது. மாமாவுக்கு என் வயது மட்டும் ஒருநாளும் பிடிபட்டதில்லை. நான் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஊருக்கு வந்தவர், தலையைத் தடவி இந்தக் காரைக் கையில் தந்தார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. சிவப்பு நிறம். வயிற்றில் மூன்று பென்டார்ச் செல் போட வேண்டும். (செல்லை எங்கள் வீட்டில் கட்டை என்றுதான் சொல்வோம்.) காரின் பின்னால் மீன்பிடி நைலான் நரம்பைக் கட்டி, குழாய்க்குள் விட்டு ஓட்டினால் மறுமுனையில் நரம்போடு வந்துவிடும். அப்புறம் நரம்பில் கயிறு, கயிற்றில் வயர். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

(வெகுநாள் கழித்து ஒரு பிளம்பர் சொன்னார்: பாலித்தீன் பை ஒன்றில் நூலைக் கட்டி இந்தப் பக்கம் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் வேக்குவம் கிளீனரைப் போட்டால் இரண்டு நிமிஷத்தில் நூல் வந்துவிடுமாம். அவரோடு நான் இப்போது அவ்வளவாகப் பேசுவதில்லை.)

சனிக்கிழமை காலையில் காரோடு ஆலயத்துக்குப் போனேன். செல்வதாஸ் அண்ணன் அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. நரம்பைக் கட்டி, மைக் செட் பக்கத்துக் குழாய் வாயில் காரை வைத்து முடுக்கினேன். உள்ளே போனது. நரம்பு ஓடியது. பாதி தூரம் இருக்கும், நரம்பின் இழுவை தாங்காமல் நின்றுவிட்டது. பின்னால் இழுத்தேன், வந்தது. மறுபடி விட்டேன். மறுபடி அதே இடம். நாலு தடவை விட்டேன். நாலு தடவையும் சரியாக அதே இடத்தில் நின்று, போகமாட்டேன் என்று சொன்னது.

அந்தக் காருக்குப் பலம் காணாது, போதவில்லை. சரி, பலத்தைக் கூட்டலாம். கட்டையைக் கூட்டினால் வோல்டேஜ் கூடும். வோல்டேஜ் கூடினால் மோட்டாரின் வேகம் கூடும். நாலு வருஷப் படிப்பில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் புரிந்திருந்த ஒரே சங்கதி அதுதான்.

தக்கலைக்குப் போய்ப் புதுக் கட்டைகளும், கட்டை போடும் ஒரு பிளாஸ்டிக் கூடும் வாங்கிவந்தேன். வரும்போது பஸ்ஸில், ஒரு கட்டை கூட்டினால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது அது இரண்டாகியிருந்தது. வயரைச் சீவி ஒட்டும்போது, இவ்வளவு சிரமப்பட்டுவிட்டு எதற்குக் கஞ்சத்தனம் என்று தோன்றி மூன்றைப் போட்டேன். வயிற்றில் மூன்று, முதுகில் மூன்று. முதுகில் இருந்ததைக் கருப்பு டேப்பால் சுற்றிக் கட்டினேன். கார் இப்போது கட்டிலைச் சுமந்துகொண்டு போகிறவன்போல் இருந்தது. வீட்டுத் தரையில் விட்டுப் பார்த்தேன். முன்னறையில் புறப்பட்ட கார், நான் பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் அடுக்களையில் அம்மாவின் காலில் மோதியது. அம்மா சொன்னதை இங்கே எழுதமுடியாது. நான் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

ஆலயத்துக்குத் திரும்பும்போது மணி நாலு. ஐந்து மணிக்கு ஆயத்த ஜெபக்கூட்டம். செல்வதாஸ் அண்ணன் காரைத் திருப்பி, அடிமூடியில் அச்சடித்திருந்ததை வாசித்தார்.

"இதுல மூணு கட்டைன்னுதானே எழுதியிருக்கு?"

அவர் கேட்டது அவ்வளவுதான். நான் அவருக்கு ஐந்து நிமிஷம் வகுப்பெடுத்தேன். கம்பெனிக்காரர்கள் எப்போதும் குறைத்தே எழுதுவார்கள், உண்மையில் மோட்டார் இரண்டு மடங்கு தாங்கும் என்றேன். எங்கே படித்தேன் என்று அவர் கேட்டிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன். அவர் கேட்கவில்லை. "கொள்ளாம்" என்றார். எங்கள் பக்கத்தில் இதற்கு 'நன்றாக இருக்கிறது' என்று அர்த்தம். 'நீ சொன்னால் கேட்கமாட்டாய்' என்றும் அர்த்தம்.

காரை விட்டேன். அம்பு மாதிரி போனது. நரம்புச் சுருள் என் கையில் சூடு பறக்கச் சுற்றியது. காலையில் நின்ற இடத்தைத் தாண்டியது. முதல் வளைவைத் தாண்டியது. நான் அண்ணனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் நரம்பு நின்றது.

பொத்தானை விட்டேன். சத்தம் நிற்கவில்லை. குழாய்க்குள்ளிருந்து 'ம்ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். பின்னால் வரும் பொத்தானை அழுத்தினேன். ம்ம்ம்ம். ரிமோட்டையே ஆஃப் செய்தேன். ம்ம்ம்ம். நரம்பை இழுத்தேன், அசையவில்லை.

நடந்தது என்ன என்று பிறகுதான் புரிந்தது. இரண்டாவது வளைவில் குழாயின் மேல்பக்கம் கொத்தனார் ஒரு சிமென்ட் கட்டியை விட்டுவைத்திருந்தார். முதுகில் சுமை இல்லாத கார் அதன் அடியில் போயிருக்கும். நான் கட்டிய கட்டைகள் அதில் இடித்துக்கொண்டன. அதைவிடப் பெரிய சங்கதி காரின் உள்ளே நடந்திருந்தது. மோட்டாருக்குக் கரண்டை விடவும் நிறுத்தவும் அதில் மிளகளவு ஒரு டிரான்சிஸ்டர் உண்டு. மூன்று கட்டைக்கென்று செய்த டிரான்சிஸ்டர். ஆறு கட்டையின் சூட்டில் அது உள்ளுக்குள் உருகி ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் காரை ஓடச்சொல்லவும் வேண்டாம், நிற்கச்சொல்லவும் முடியாது.

நாலரை மணியிலிருந்து ஆட்கள் வரத்தொடங்கினார்கள். என் பக்கத்துக் குழாய் வாயில் துண்டைச் சுருட்டித் திணித்தேன். மறுவாய் பீடத்தின் அடிப்படியில், நடுப்பாதைக்கு நேராகத் திறந்திருந்தது. அங்கே பெண்கள் பூ ஜோடித்துக்கொண்டிருந்ததால் கிட்டப் போகமுடியவில்லை. சத்தம் முழுக்க அந்த வழியாகத்தான் வெளியே வந்தது. கட்டை தீர்ந்தால் தானே நிற்கும் என்று அண்ணனிடம் முணுமுணுத்தேன். புதுக் கட்டைதானே வாங்கினாய் என்று அவர் கேட்டார். ஆம், கடையில் இருந்ததிலேயே நல்லது.

கூட்டம் தொடங்கியது. எல்லோரும் தரையில் பாய்விரித்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாட்டு வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அப்பா அறிவிப்புகள் வாசிக்க எழுந்தார். பீடத்தின் பக்கத்தில் நின்று, கடைசி வரிக்கு வந்ததும் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். வேலை முடிந்ததா என்று கேட்கிறார். இல்லை என்று தலையை அசைத்திருக்கலாம். எனக்குப் பல்லெல்லாம் தெரியும்படி சிரிப்பு வந்தது, தலை தானாக மேலும் கீழும் ஆடியது.

அப்பா பேப்பரை மடித்துப் பையில் வைத்தார். ஒரு டைல்ஸ்கூட உடையாமல் வயர் வேலையை முடித்தது இன்னார் என்று என் பெயரை முழுதாக, இனிஷியலோடு சொன்னார். நூறு தலைகள் திரும்பின. மூன்றாவது வரிசையில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு அந்தக் குழாய்க்குள் நானே ஊர்ந்து போய்விடலாம் போல் இருந்தது.

போதகர் ஜெபிக்க வந்தார். மெதுவாகப் பேசுகிறவர், யார்மேலும் கோபப்பட்டு நான் கண்டதில்லை. பாடகர் குழுவின் மைக் முன்னால் நின்று காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு, "ஷைனி, அந்த இரைச்சலக் கொஞ்சம் கொறச்சிரு மக்களே" என்றார். (எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு பிள்ளையைக் கூப்பிடுவதும் 'மக்களே' என்றுதான்.) மைக் செட்டின் கோளாறு என்று நினைத்துவிட்டார். நான் மிக்சரில் ஒரு குமிழைத் திருகினேன். இன்னொன்றைத் திருகினேன். ஒன்றுக்கும் இணைக்காத குமிழைக்கூட அக்கறையோடு திருகினேன். குறைந்தது போதகரின் குரல் மட்டும்தான்.

அவர் மைக்கை ஆஃப் செய்துவிட்டு, எல்லோரும் முழங்கால்படியிட்டு மௌனமாக ஜெபிப்போம் என்றார்.

மௌனம். ம்ம்ம்ம்.

அந்த ஒரு நிமிஷத்தில் நான் உண்மையாகவே ஜெபித்தேன். வேலை வேண்டும் என்று எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்ததை அப்படியே திருப்பி எடுத்துக்கொள்கிறேன், இந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்தும் என்று கேட்டேன். பாடகர் குழுவில் யாரோ, வண்டு கூடு கட்டியிருக்கும் என்று கிசுகிசுத்தார்கள். அப்போது இரைச்சலின் தொனி மாறியது. என் காலடியில் வைத்திருந்த நரம்புச் சுருள் ஒருமுறை துள்ளியது.

கட்டைகளின் சூட்டில் டேப் இளகி, முதுகுச் சுமை பின்னால் சரிந்து, கார் அந்தச் சிமென்ட் கட்டிக்கு அடியில் நழுவிவிட்டது.

பீடத்தின் அடிப்படியிலிருந்து சிவப்பாக ஒன்று பாய்ந்து வந்தது. நடுப்பாதை நெடுக அப்பாவின் டைல்ஸ். காருக்கு அதைவிட நல்ல ரோடு கன்னியாகுமரி ஜில்லாவிலேயே கிடையாது. முதுகுக் கட்டைகளை வாலாக இழுத்துக்கொண்டு, லேசாகப் புகைவிட்டுக்கொண்டு, முழங்காலிட்டுக் கண்மூடியிருந்த நூறு பேருக்கு நடுவே போனது. என் பக்கத்தில் சுருள் தரையில் உருண்டு துள்ளித் துள்ளி நரம்பை விட்டது. கார் வாசல்படியில் சாடி, வெளியே குவிந்திருந்த செருப்புகளுக்குள் தலைகீழாக விழுந்தது. அங்கேயும் சக்கரம் சுற்றியது. செல்வதாஸ் அண்ணன் பின்னாலேயே ஓடிப்போய்க் கட்டையை இழுத்துக் கழற்றினார்.

கண்ணைத் திறந்தவர்கள் ஒன்றும் இல்லாததைக் கண்டார்கள். பிளாஸ்டிக் கருகிய வாசனை மட்டும் வந்தது. ஆனால் ஆபத்து அப்போதுதான் தொடங்கியிருந்தது. பீடத்திலிருந்து வாசல்வரைக்கும் கண்ணுக்குத் தெரியாத நரம்பு, கணுக்கால் உயரத்தில் விறைப்பாக நின்றது. நூறு பேரும் எழுந்து நடந்தால் பாதிப் பேர் விழுவார்கள், மீதிப் பேர் நரம்பை அறுப்பார்கள்.

அதை முதலில் பார்த்தது அப்பா. இரண்டு கையையும் தூக்கி, பீடத்தின் முன்னால் நின்று உரக்கச் சொன்னார்: "யாரும் எழும்பண்டாம்."

சபை அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டது. எழும்பப்போனவர்களும் மறுபடி முழங்காலிட்டார்கள். முன்வரிசையில் ஒருவர் கண்ணீரோடு சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினார். அவரைப் பார்த்து நாலு பேர். எங்கள் சபை அடக்கமானது, அப்படி ஜெபித்து நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அந்த முழக்கத்தின் நடுவே அப்பா குனிந்து, குழாய் வாயில் நரம்பைப் பிடித்துத் தன் சுண்டுவிரலில் மூன்று சுற்றுச் சுற்றினார். என்னைப் பார்த்து, உன் பக்கத்தை விடாதே என்று சைகை காட்டினார். துண்டை இழுத்தெறிந்துவிட்டு நான் என் முனையைப் பிடித்தேன். தரைக்கு மேலே நூறு பேர் ஜெபிக்க, தரைக்கு அடியில் ஒரே நரம்பின் இரண்டு முனையில் அப்பாவும் நானும்.

வாசல் பக்கத்து நரம்பை அண்ணன் அறுத்துச் சுருட்டியதும் அப்பா போதகருக்குத் தலையசைத்தார். போதகர் எல்லாவற்றையும் கண்திறந்து பார்த்துக்கொண்டுதான் நின்றிருந்தார். நிதானமாகக் கண்ணை மூடி ஜெபத்தை முடித்தார். "ஆண்டவரே, எங்கள் நடுவே வந்தது என்னவாயிருந்தாலும், அது வெளியே போனதற்காக ஸ்தோத்திரம். ஆமென்."

ஆமென் சொன்னதிலேயே பலமாகச் சொன்னது நான்தான்.

கூட்டம் கலைந்ததும் நரம்பில் கயிற்றைக் கட்டி, கயிற்றில் வயரைக் கட்டி இழுத்தோம். பத்தே நிமிஷம். மறுநாள் பிரதிஷ்டையில் பீடத்து மைக் இரைச்சல் இல்லாமல் பேசியது. சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போது, நான் பொய்யாகத் தலையாட்டியதற்கு அப்பா என்ன சொல்லப்போகிறாரோ என்று பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் அவர் திரும்பாமலே சொன்னார்.

"முடியலேண்ணா முடியலேண்ணு சொல்லு மக்களே. நான் உனக்க அப்பன்தானே."

அவருடைய சுண்டுவிரலில் நரம்பு பதிந்த சிவப்புக் கோடு ஹேண்டில்பாரின் மேல் தெரிந்தது.

அடுத்த வாரம் செல்வதாஸ் அண்ணன் வீட்டுக்கு வந்தார். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பராமரிக்கும் ஒரு சின்ன கம்பெனிக்கு அவர் வயரிங் வேலைக்குப் போவதுண்டு. அங்கே கன்ட்ரோல் பேனல் பார்க்க ஆள் வேண்டுமாம். என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்த மேனேஜர் என் சர்டிபிகேட்டைப் புரட்டிவிட்டு, இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று அண்ணனைக் கேட்டார்.

"எதையும் ஓட்டிருவா சார். நிப்பாட்ட மட்டும் படிச்சுக் குடுங்க."

மேனேஜர் கதை முழுவதையும் கேட்டுச் சிரித்தார். காற்று தானாகவே ஓட்டிவிடும், இங்கே சம்பளம் நிப்பாட்டுவதற்குத்தான் என்றார். உண்மைதான். ஆடிக்காற்றில் அந்த ராட்சத இறக்கைகள் அளவுமீறாமல் பார்த்துக்கொள்வதுதான் இத்தனை வருஷமாக என் பிழைப்பு. பேனலில் எழுதியிருக்கும் வோல்டேஜை நான் இரண்டு தடவை வாசிக்காமல் எதையும் தொடுவதில்லை.

சில வருஷம் கழித்து, களியக்காவிளைப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனபோது ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய ஆலயத்துக்குப் போனோம். பிரசங்கம் செய்தவர் எங்கள் பழைய போதகர். மாற்றலாகி அங்கே வந்திருந்தார். அளவுக்கு மிஞ்சிய பலம் மனிதனை என்ன செய்யும் என்பது அன்றைய செய்தி. உதாரணத்துக்கு ஒரு சகோதரியின் கதையைச் சொன்னார். அந்தக் கதையில் காருக்குப் பன்னிரண்டு கட்டை. வாலில் நெருப்பு எரிந்தது. ஒரு மூப்பர் மயங்கி விழுந்தார். அம்மா என்னை முழங்கையால் இடித்தாள்.

வெளியே வந்ததும் போதகர் என்னை அடையாளம் கண்டு, கதையைச் சரியாகச் சொன்னேனா என்று கேட்டார். எல்லாம் சரி, ஆனால் கட்டை ஆறுதான் என்றேன்.

"பிரசங்கத்துக்கு ஆறு காணாது மக்களே" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மிகையை அளப்பது கட்டைக் கணக்கில்தான். மாமா துபாய்க் கதை சொல்லத் தொடங்கினால் அப்பா மெதுவாக, "எட்டு கட்டை" என்பார். நான் ஆபீஸில் எவ்வளவு வேலை என்று புலம்பினால் "இப்பத்தான் அஞ்சாவது போட்டிருக்கா" என்பார். இதை எழுதி முடித்ததும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தேங்காய் துருவியபடி கடைசிவரை கேட்டாள். எங்கேயும் சிரிக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஒரு ஏழு கட்டை இருக்கும்" என்றாள்.